ஒப்புக்குச் சப்பாணி

ஆயுத பூஜைக்குச் சிதம்பரத்தில் மகன் வீட்டில் இருந்தேன். பேரன் தன் லேப்டாப்பையும் வீடியோ கேம் கன்ட்ரோலர்கள் இரண்டையும் பூஜையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தான். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுத்த கையோடு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பத்தரை மணிக்குள் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. மருமகள் அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குச் சண்டை.

விஷயம் இதுதான். நான் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் ஒரே இடத்தில் நாலு தடவை செத்துப்போனேன். ஐந்தாம் தடவை தொடங்குவதற்கு முன்னால் செட்டிங்ஸுக்குப் போய் கஷ்டத்தை ஒரு படி குறைத்தேன். பேரன் சிரித்தான்.

"அப்படி ஆடினா அது ஆடினதே இல்ல தாத்தா. முடியலன்னா குடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்."

இரண்டு வாக்கியம். இரண்டும் தப்பு என்பது என் கட்சி. முதல் வாக்கியத்தை உலகம் முழுக்கப் பல ஆயிரம் இளைஞர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அதற்கு விவரமாகவே பதில் எழுத வேண்டும். இரண்டாவதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எழுபது தாண்டிய கிழவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2020 ஊரடங்கில் பேரன் நாலு மாதம் கடலூரில் எங்களோடு மாட்டிக்கொண்டான். வரும்போதே டிவியில் மாட்டி ஆடும் பெட்டியையும் தூக்கிவந்திருந்தான். அதில் டிராகன் குவெஸ்ட் என்று ஓர் ஜப்பானிய ஆட்டம், பதினோராம் பாகம். ஊர் ஊராகப் போக வேண்டும், பூதங்களோடு சண்டை போட வேண்டும், பெரிய கதை. மொழியை மாற்றும் இடத்தில் பார்த்தால் பிரெஞ்சு இருக்கிறது! நான் பள்ளிக்கூடம் முழுக்கப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதன் பிறகு உத்தியோகத்தில் கோப்பு எழுதியதெல்லாம் இங்கிலீஷில். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. ஜப்பான்காரன் செய்த ஆட்டத்தைக் கடலூரில் உட்கார்ந்து பிரெஞ்சில் படித்துப் பேரனுக்குத் தமிழில் கதை சொன்னேன். அப்படித்தான் பிடித்தது இந்தப் பைத்தியம்.

அந்த டிராகன் குவெஸ்டின் முதல் பாகம் வந்தது 1986 மே மாதம். செய்தவர் யூஜி ஹோரீ. அதற்கு முன் இந்த மாதிரி ஆட்டங்கள் அமெரிக்காவில் இருந்தன. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டு ஆடும் கடினமான ஆட்டங்கள். ஹோரீ அதைச் சின்னப் பிள்ளையும் ஆடும்படி மாற்றினார். சண்டை வந்தால் திரை நின்றுவிடும். அடிக்கவா, மந்திரம் போடவா, ஓடவா என்று உங்களைக் கேட்கும். நீங்கள் காபி குடித்துவிட்டு வந்தும் பதில் சொல்லலாம். உங்கள் முறை முடிந்தால் எதிரியின் முறை. தோற்றால்? ராஜா முன்னால் மறுபடி எழுந்து நிற்பீர்கள். கையிலிருந்த காசில் பாதி போய்விடும், ஆனால் பெற்ற அனுபவம் ஒன்றும் குறையாது. ஆயுதம் இழந்து நின்ற ராவணனை ராமன் போய்விட்டு மறுநாள் வரச் சொல்லி அனுப்பினானே, அந்த மாதிரி. கை வேகமில்லாதவனும் பொறுமையாகச் சுற்றிச் சுற்றிப் பலம் சேர்த்தால் கடைசியில் ஜெயிப்பான். இந்த வகை ஆட்டம் இந்த இரக்கத்தோடுதான் பிறந்தது. 'இளகின மனசுக்கு இங்கே இடமில்லை' என்று இன்று மார்தட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முறை வைத்துச் சண்டை போடுவது செயற்கை என்கிறான் பேரன். நிஜத்தில் எவன் நின்று காத்திருந்து அடி வாங்குவான் என்கிறான். எங்கள் தென்னாற்காடு பக்கத்துக் கூத்தை அவன் பார்த்ததில்லை. திரௌபதி அம்மன் கோயில் முன்னால் விடிய விடிய கர்ண மோட்சம் நடக்கும். அர்ச்சுனன் பாடுவான், சுற்றி ஆடுவான், அம்பு விடுவான். கர்ணன் அதுவரை நிற்பான். பிறகு கர்ணன் முறை. அவன் பாடுவான், ஆடுவான், அம்பு விடுவான். நடுவில் கட்டியக்காரன் வந்து எல்லோரையும் கிண்டல் செய்துவிட்டுப் போவான். யாரும் எழுந்து 'ஏன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளவில்லை' என்று கேட்டதில்லை. அடுத்து இவன் என்ன செய்யப் போகிறான் என்று காத்திருப்பதில்தான் ருசி.

ஜப்பான்காரர்களே கொஞ்சம் கொஞ்சமாக அந்த ருசியை விட்டார்கள். 1991-ல் ஃபைனல் ஃபேன்டசி நாலாம் பாகத்தில் ஹிரோயுகி இடோ என்பவர் நேரத்தை உள்ளே விட்டார். நீங்கள் யோசிக்கும்போதே கடிகாரம் ஓடும், எதிரி அடிப்பான். கார் பந்தயம் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதே ஆட்டத்தில் 'நான் யோசிக்கும்போது நில்' என்று சொல்லவும் ஒரு வசதி வைத்தார்கள். அதோடு விடவில்லை, அதே வருஷம் அக்டோபரில் அதே ஆட்டத்தை எளிமைப்படுத்தி 'ஈஸி டைப்' என்று பெயர் போட்டுத் தனியாகவே கடையில் விற்றார்கள். ஈஸி மோட் என்பது நேற்று வந்த சலுகை இல்லை தம்பி, உன் அப்பா சிறுவனாக இருந்தபோதே ஜப்பானில் அட்டைப் பெட்டியில் அச்சடித்து விற்ற சரக்கு.

2001-ல் வந்த பத்தாம் பாகத்தில் கடிகாரத்தைத் தூக்கிவிட்டார்கள். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று திரை ஓரத்தில் வரிசையே தெரியும். எங்கள் ஆபீஸில் கோப்பு யார் மேசையில் இருக்கிறது, அடுத்து யாரிடம் போகும் என்று பதிவேட்டில் தெரிவது போல. என் மனசுக்கு மிகவும் நெருக்கமான ஏற்பாடு அது. 2023-ல் பதினாறாம் பாகம் வந்தபோது முறையாவது ஒன்றாவது, முழுக்க முழுக்கக் கத்தி வீச்சு. கட்டளை தேர்ந்தெடுத்து ஆடுவதில் என்ன சுகம் என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது என்று அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா பேட்டிகளில் காரணம் சொன்னார். சரி, அது அவர் கணக்கு. ஆனால் அவர் என்னைப் போன்றவனை மறக்கவில்லை. ஆட்டத்தில் சில மோதிரங்கள் கொடுத்தார். ஒரு மோதிரம் போட்டால் எதிரி அடிக்க வரும்போது பாத்திரம் தானே விலகிக்கொள்ளும். இன்னொன்று போட்டால் அடி விழும் முன் காலம் மெதுவாகும். நான் மோதிரம் போட்டுத்தான் முடித்தேன். விரலுக்கு ஏற்ற மோதிரம்!

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் பிரான்ஸில் மோம்பெலியே ஊர்க்காரர்கள் ஓர் ஆட்டம் வெளியிட்டார்கள். பெயர் கிளேர் ஒப்ஸ்கூர், எக்ஸ்பெடிஷன் 33. ஜப்பானிய ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதே பாணியில் செய்தது. பிரெஞ்சுக்காரன் செய்த ஆட்டம் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. கதை அற்புதம். லூமியேர் என்று ஒரு ஊர். தூரத்தில் ஒரு மாயக்காரி வருஷா வருஷம் ஒரு எண்ணை எழுதுவாள். அந்த வயசுக்காரர்கள் அத்தனை பேரும் பூவாக உதிர்ந்து மறைந்துபோவார்கள். எண் ஒவ்வொன்றாகக் குறைந்து இப்போது 33. அந்த மறைவுக்குப் பெயர் 'கொம்மாஜ்'. பள்ளிக்கூடத்தில் ரப்பரை 'கொம்' என்போம். அழித்தல். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே ரப்பர் வாசனை வந்தது. ஆக, அந்த ஊரில் முப்பத்துநாலு வயசுக்காரனே கிடையாது. என் போன்றவன் எப்போதோ அழிக்கப்பட்டிருப்பான்.

அதை ஆடிப் பார்த்தால், ஆட்டமும் அப்படியே!

வெளியே பார்க்க முறை வைத்த சண்டைதான். என் முறையில் நான் ஆற அமர யோசிக்கலாம். ஆனால் எதிரியின் முறையில் அவன் ஓங்குகிற அந்த நொடியைப் பார்த்து நான் பட்டனை அழுத்தி விலக வேண்டும், அல்லது இன்னும் சரியாக அழுத்தித் தடுக்க வேண்டும். தடுத்தால் பலம் கூடும், எல்லா அடியையும் தடுத்தால் திருப்பி அடிக்கலாம். தவறினால் முழு அடியும் விழும். அதிலும் இந்தப் பூதங்கள் கையை ஓங்கிக்கொண்டு சும்மா நிற்கும், நாம் அவசரப்பட்டு அழுத்திய பிறகு அடிக்கும். எனக்கு இரண்டு வருஷமாக வலது கை விரல்களில் லேசான நடுக்கம். கண் பார்க்கிறது, மனசு 'இப்போது' என்கிறது, விரல் பிறகு வருகிறது. முதல் பெரிய எதிரியின் பெயர் எவேக், பிரெஞ்சில் பிஷப். அந்தப் பிஷப்பிடம்தான் நான் நாலு தடவை போய்ச் சேர்ந்தேன்.

என் வாதம் இதுதான். விரலால் தடுப்பதற்கு இவ்வளவு பெரிய கூலி கொடுத்துவிட்டால், விரல் வேகமுள்ளவன் யோசிக்காமலே ஜெயிக்கலாம். எந்த ஆயுதம், எந்தத் திறமை, யாரை முதலில் அடிப்பது என்ற கணக்கெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. யோசிப்பவனோ விரல் வராவிட்டால் ஆரம்பத்திலேயே செத்தான். பிறகு அதற்கு முறை வைத்த சண்டை என்று பெயர் எதற்கு? நேரம் பார்த்து அழுத்துவது புதுசில்லை, 1996-ல் வந்த சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி.யிலேயே இருந்தது. சரியாக அழுத்தினால் கொஞ்சம் கூடுதல் அடி. அழுத்தாவிட்டால் குடி முழுகிவிடாது. அது போனஸ். இங்கே அதுவே மாசச் சம்பளமாகிவிட்டது.

பேரன் சும்மா விடவில்லை, அவன் சொன்னதையும் எழுத வேண்டும். சரியான சேர்க்கைகளைக் கண்டுபிடித்துப் பொருத்தினால் பிற்பாதியில் எதிரிக்கு முறையே வராமல் ஒரே அடியில் கொல்லலாம், அது மூளை வேலைதானே என்றான். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிற்பாதிக்குப் போகிற வழியில்தானே பிஷப் நிற்கிறார். அப்புறம் நம்ம விஸ்வநாதன் ஆனந்தை இழுத்தான். 2017-ல் ரியாத்தில் உலக ரேபிட் சதுரங்கப் பட்டம் வென்றபோது ஆனந்துக்கு 48 வயசு தாத்தா, வயசெல்லாம் சாக்கு என்றான். ஆனந்த் ஆனந்த்தான். அதோடு 48 என்பது என் மகன் வயசு. என்னைக் கேட்டால் சதுரங்கம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லும். நிதானமாக ஆடுவதற்கு ஒரு பட்டம், ரேபிட்டுக்கு ஒன்று, பிளிட்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நிதான ஆட்டத்தின் நடுவில் 'இப்போது பட்டனை அழுத்து, இல்லாவிட்டால் உன் ராணி காலி' என்று யாரும் சொல்வதில்லை.

சரி, ஆட்டம் அப்படி இருக்கிறது, செய்தவர்களே கஷ்டத்தைக் குறைக்க ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். கதைக்காக ஆடுகிறவர்களுக்கு என்று ஒரு படி. அதில் தடுக்கிற நேரம் கொஞ்சம் அகலம். அதைத் தொட்டதும்தான் 'ஆடினதே இல்லை' என்ற தீர்ப்பு.

சின்ன வயசில் தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது யாராவது தம்பியோ தங்கையோ அழுதுகொண்டு வந்து நிற்கும். 'சரி வா, நீ ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். பிடித்தாலும் அவுட் இல்லை. ஆனால் நாங்கள் ஓடிய அதே தெருவில் அதுவும் ஓடும், அதே மாதிரி கத்தும், அதே மாதிரி வேர்க்கும். அந்தச் சொல் கரடுமுரடானது, கால் நடக்க முடியாதவனைச் சொல்கிற சொல். இன்று நான் அப்படி யாரையும் கூப்பிட மாட்டேன். சொல்லை விடுங்கள், அந்தச் சட்டத்தைப் பாருங்கள். எட்டு வயசுப் பிள்ளைகள் போட்ட சட்டம் அது. அந்தக் குழந்தை சாயங்காலம் வீட்டுக்குப் போய் 'இன்றைக்கு விளையாடினேன்' என்றால் எவனும் மறுத்ததில்லை. ஜப்பானில் ஷோகி ஆடும்போது பலசாலி தன் காய்களில் சிலவற்றை எடுத்து வைத்துவிட்டு உட்காருவது பழைய மரபு. கோ ஆட்டத்தில் பலம் குறைந்தவனுக்கு முன்கூட்டியே கற்கள் கொடுப்பார்கள். அப்படி ஆடியவனை ஆடவில்லை என்று அங்கேயும் யாரும் சொல்வதில்லை. ஜப்பானிய ஆட்டத்துக்குக் காவல் நிற்கிற நம் பிள்ளைகளுக்கு ஜப்பான்காரனை விட ரோஷம் அதிகம்.

எனக்கு இது வெறும் ஆட்ட வாதம் இல்லை. சில வருஷத்துக்கு முன் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போனேன். கைரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், எண்ணெய் தடவி வைத்தேன், பத்து விரலும் ஆயிற்று. வயசானால் ரேகை தேயும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை என் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் வந்தது 2014-ல். 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று இன்னொரு வழி திறந்தார்கள். இப்போது போனில் முகத்தைக் காட்டுகிறேன், முடிந்தது. 'முகத்தைக் காட்டினவன் உயிரோடு இருப்பது கணக்கில் வராது, கைரேகை வைத்தவன்தான் நிஜமாக உயிரோடு இருக்கிறான்' என்று எந்தப் பேரனும் இதுவரை சொல்லவில்லை.

ஜப்பானிலேயே இன்னொரு கட்சி இருக்கிறது. ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2019-ல் செகிரோ, 2022-ல் எல்டன் ரிங் என்று ஆட்டங்கள் போட்டது. கஷ்டத்தைக் குறைக்கும் வசதியே கிடையாது. எல்லோரும் ஒரே மலையை ஏறினால்தான் ஏறிய சந்தோஷத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள முடியும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கதவிலேயே எழுதிப் போட்டுவிட்டார்கள், நான் உள்ளே போகவில்லை. என் கோபம், செய்தவனே திறந்து வைத்த கதவை அடுத்த ஆட்டக்காரன் வந்து அடைப்பதைப் பற்றி.

இனி அந்த இரண்டாவது வாக்கியம். குடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்.

இதைச் சொல்லாத இளையவர் இல்லை. ஏடிஎம்மில் சொல்கிறார்கள், போனில் சொல்கிறார்கள், ரயில் டிக்கெட் போடும்போது சொல்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். அவர்கள் கைக்குப் போன பிறகு டக் டக்கென்று முடிந்துவிடும். நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். கஷ்டத்தைக் குறைத்தால் அது ஏமாற்று, ஆனால் என் கையிலிருந்து பிடுங்கி அவன் ஆடி, என் பெயரில் ஜெயித்தால் அது உதவி! இது எந்த ஊர் நியாயம்? ஒப்புக்குச் சப்பாணியை நாங்கள் ஓட விட்டோம். 'நீ திண்ணையில் உட்காரு, உனக்குப் பதில் நான் ஓடுகிறேன்' என்று சொன்னதில்லை.

அன்று கன்ட்ரோலரை நான் கொடுக்கவில்லை. கஷ்டத்தைக் குறைத்த பிறகும் பிஷப் என்னை இன்னொரு தடவை கொன்றார், அதையும் எழுதிவிடுகிறேன். ஆறாம் தடவை அவர் விழுந்தார். பேரன் எழுந்து சாப்பிடப் போய்விட்டான்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு அவனிடமிருந்து போன். நான் முன்பு முடித்திருந்த ஷின் மெகாமி டென்சேய் மூன்றாம் பாகத்தை, நாக்டர்ன் என்பார்கள், அவனும் தொடங்கியிருக்கிறான். சுத்தமான முறை வைத்த ஆட்டம், விரலுக்கு வேலையே இல்லை. எதிரியின் பலவீனம் பார்த்து அடித்தால் நமக்குக் கூடுதல் முறை கிடைக்கும். அடி தவறினால் இருக்கும் முறையில் இரண்டு போய்விடும். எதிரிக்கும் அதே சட்டம். அதில் மத்தாதோர் என்று காளையோடு சண்டை போடும் எலும்புக்கூடு ஒன்று வரும்.

"எத்தன தடவ செத்த?"

"ஒம்போது."

"என்ன செய்யுது?"

"செவப்புத் துணிய ஆட்டுது. அதுக்கப்புறம் நான் அடிக்கறது எதுவுமே படல தாத்தா. என் டர்ன் எல்லாம் வீணாப்போவுது."

"துணிய ஆட்டினா அதோட சுறுசுறுப்பு ஏறுது. ஒன்னோடத நீயும் ஏத்து, இல்ல அதோடத எறக்கு. அடிக்கறத அப்புறம் பாத்துக்கலாம். அது காத்தால அடிக்கும், காத்துத் தாங்கற ஆளுங்களப் போய்ச் சேத்துக்கிட்டு வா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஞாயித்துக்கெழம வாங்களேன். வந்து நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க."

"முடிச்செல்லாம் தர மாட்டேன். பக்கத்துல ஒக்காந்துக்கறேன். அதுல இரக்கமுள்ளதுன்னு ஒரு படி இருக்கு, வேணும்னா அதப் போட்டுக்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

போட மாட்டானாம். ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறேன்.